வாயை மட்டும் அசைங்க

கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு வேலை கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாராளமாகக் கிடைக்கும், பாடுகிற வேலை ஒன்றைத் தவிர.

நான் சிதம்பரத்தில் இசைப் பட்டம் வாங்கியவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் பேச எனக்குக் கூச்சம். பாடுவதற்கு மட்டும் கூச்சமில்லை. பாடும்போது கண்ணை மூடிக்கொள்ளலாம், அது ஒரு வசதி. பகலில் கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சர், லீவு நாட்களில் அங்கங்கே சின்னக் கச்சேரி. போன ஒரு வருஷம் இதுதான் என் பிழைப்பு. எனக்கு எதிர்த்துப் பேச வராது. அந்தந்த இடத்தில் விழுங்கியதையெல்லாம் வீடு திரும்பும் சாயந்திர பஸ்ஸில், ஆலப்பாக்கம் தாண்டி உட்கார இடம் கிடைத்த பிறகு, நோட்டில் எழுதிவைத்தேன். உங்களில் யாராவது பாட்டு டீச்சராகவோ பக்கவாத்தியக்காரராகவோ இருந்தால் இதில் எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. சேர்ந்து கோபப்பட ஆள் வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இன்டர்வியூ

பள்ளியின் தாளாளர், "எங்க, ஒரு பாட்டு பாடும்மா" என்றார். மோகனத்தில் ஒரு கீர்த்தனையைத் தொடங்கினேன். பல்லவி முடிவதற்குள் அவருக்குப் போன் வந்தது. நான் நிறுத்தினேன். "நீ பாடும்மா, நீ பாடு" என்று கையைக் காட்டிவிட்டு, பள்ளி வேனுக்கு டயர் எப்போது வரும் என்று விசாரிக்க ஆரம்பித்தார். அனுபல்லவியில் பேச்சு சூடு பிடித்தது. நானும் சுருதியை விடவில்லை. சரணத்தில் அவர் "அதெல்லாம் முடியாதுய்யா!" என்று மேசையைத் தட்டினார், அந்தத் தட்டு மட்டும் தாளத்தில் சரியாக வந்து விழுந்தது.

போனை வைத்துவிட்டு நிபந்தனையைச் சொன்னார். ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒரு பாட்டு பீரியடு. ஆண்டு விழாவில் பிள்ளைகள் சேர்ந்து பாட வேண்டும். அது நன்றாக அமைந்தால் அடுத்த வருஷமும் பாட்டு பீரியடு இருக்கும். சொதப்பினால் அதை எடுத்து அபாகஸுக்குக் கொடுத்துவிடுவார். சரி என்று தலையாட்டினேன். அப்புறம்தான் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "பாட்டு நல்லா இருந்துச்சு. வேற என்னம்மா தெரியும்?"

சத்தம்

ஜூனில் பள்ளி திறந்து ஆகஸ்ட் முடிவதற்குள் ஏழாம் வகுப்பில் எனக்குக் கிடைத்தது நாலே பீரியடு. மற்றவையெல்லாம் கணக்குக்கும் அறிவியலுக்கும் போயின. "மிஸ், இன்னிக்கு உங்க பீரியட நான் எடுத்துக்கவா? போர்ஷன் ஓடல" என்று கேட்பார்கள். கேட்கும்போதே சாக்பீஸ் போர்டில் ஓடிக்கொண்டிருக்கும். நான் ஹாஜர் பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வராந்தாவில் நிற்பேன். நின்றால், "ஃப்ரீயாத்தான இருக்கீங்க?" என்று யாராவது ஒரு கட்டு விடைத்தாளைக் கையில் வைத்து மார்க்கைக் கூட்டச் சொல்வார்கள்.

பாட்டுக்கென்று அறை கிடையாது. கெமிஸ்ட்ரி லேப்பில், பிப்பெட்டுகளுக்கும் அமிலப் பாட்டில்களுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துதான் வகுப்பு. அந்த நாலில் ஒரு நாள், இருபத்து நாலு பிள்ளைகளும் முதல்முறையாக ஆதார சுரமான ஸட்ஜத்தில் சேர்ந்து நின்றார்கள். தனித்தனியாக இழுத்துக்கொண்டிருந்த குரல்கள் சட்டென்று ஒரே குரலாயின. இந்த ஒரு நொடிக்காகத்தானே நாமெல்லாம் இந்த வேலைக்கு வருகிறோம்? உடம்பு சிலிர்த்துப் போய் நின்றேன். பக்கத்து வகுப்பின் சோஷியல் டீச்சர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "பாட்டு கிளாஸ்தான மிஸ், நான் ஒண்ணும் சொல்லல. கொஞ்சம் சத்தம் வராமப் பாடச் சொல்லுங்க."

ஐயா வருகிறவரை

சிதம்பரத்தில் ஒரு விழாக் கமிட்டி எனக்கு ஒரு மணி நேரக் கச்சேரி கொடுத்தது. படித்த ஊரில் எனக்கு முதல் முழுக் கச்சேரி. மிருதங்கத்துக்குக் கும்பகோணத்திலிருந்து ராஜாமணி என்று ஒரு மாமா, மிருதங்கத்தைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். சிறப்பு விருந்தினர் வர நேரமாகும் என்று தெரிந்ததும் கமிட்டிச் செயலாளர் என் காதருகே குனிந்து, "ராகத்த நல்லா இழுத்துப் பாடுங்கம்மா, அவசரமே இல்ல" என்றார். இழுக்கச் சொன்னால் எனக்குக் கசக்குமா? தோடியை எடுத்து ஆற அமரப் பாடினேன். செருப்புப் போடுகிற இடத்தில் நின்றிருந்தவர்கள்கூட உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

கீர்த்தனை முடிந்து, மிருதங்கம் தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்தது. பக்கவாத்தியக்காரருக்குக் கச்சேரியில் தனக்கென்று கிடைப்பது அந்தப் பத்து நிமிஷம்தான். மாமா துண்டால் கையைத் துடைத்து, முதல் சொல்லை வாசித்தார். வாசலில் கார் வந்து நின்றது. செயலாளர் விறுவிறுவென்று மேடையேறி மைக்கைத் தூக்கினார். மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. "சார், தனி இப்பதான் ஆரம்பிச்சேன். ஒரு அஞ்சு நிமிஷம்." செயலாளர் கோபப்படவில்லை. ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்: "ஐயா வந்துட்டாரு சார். இனிமே பாட்டு தேவைப்படாது."

எக்கோ

குமராட்சியில் ஒரு கல்யாண வரவேற்பு. நான் ஒரு வார்த்தை பாடினால் அது மூன்று தரம் திரும்பி வந்து என் அடுத்த வார்த்தையின் மேல் விழுந்தது. என் குரல் என்னையே துரத்துகிற மாதிரி இருந்தது. மைக்செட்காரரிடம் போய், எக்கோவை எடுத்துவிடுங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். நான் மெதுவாகச் சொன்னதே அவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். தைரியம் சொல்கிற தோரணையில் பதில் சொன்னார்: "நீங்க பயப்படாமப் பாடுங்க மேடம். எப்பிடிப் பாடுனாலும் நான் பாட்டாக்கிக் குடுத்துடுறேன்."

ரிஃபானா

ஆண்டு விழாவுக்கு மழையைப் பற்றி நானே ஒரு பாட்டு எழுதி, ஆனந்தபைரவியில் மெட்டுப் போட்டேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்து நாலு பேரும் பாடுவதாக ஏற்பாடு. அதில் ரிஃபானா என்ற பெண்ணுக்குக் கனத்த குரல். பெண்பிள்ளைகள் வழக்கமாகப் பாடும் ஐந்து கட்டைச் சுருதியில் மேலே எட்டாமல் தவிப்பாள். ஆனால் ராகத்தின் அசைவு மற்றவர்களுக்கு ஒரு மாதம் பிடித்தது என்றால் அவளுக்கு ஒரே நாளில் வந்தது. ஒத்திகை பார்க்க வந்த பள்ளியின் துணை முதல்வர், "அந்தப் பொண்ணுக்கு என்ன கொரலு அது? எடுத்துடுங்க" என்றார். மறுநாள் எல்லோருக்கும் சேர்த்துச் சுருதியை மூன்று கட்டைக்கு இறக்கினேன். வருஷம் பூராவும் நான் செய்த ஒரே கலகம் அதுதான், அதையும் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் ரிஃபானாவின் அம்மா பரங்கிப்பேட்டையிலிருந்து என்னைத் தேடி வந்தார். பாட்டெல்லாம் எங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நானாகவே முடிவு செய்து, சொல்ல வேண்டிய சமாதானங்களை மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் கேட்டது இதுதான்: "மேடையில எம்புள்ள எந்தப் பக்கம் நிப்பா மேடம்? அவுங்க வாப்பா குவைத்துல இருக்காங்க. வீடியோ கால்ல காட்டணும், முன்னாடியே எடம் புடிச்சி உக்காந்துக்குறேன்."

நேராக்கியது

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது தாளாளர் கூப்பிட்டார். "பிள்ளைங்க மேடையில பயந்துட்டா அசிங்கமாப் போயிடும். ரிஸ்க் எதுக்கு? நாலு நல்ல கொரலாப் பாத்து ஸ்டுடியோல ரெக்கார்டு பண்ணிடலாம். அன்னிக்கு ஸ்பீக்கர்ல அத ஓடவிட்டுட்டு, இருபத்து நாலு பேரும் வாய மட்டும் அசைக்கட்டும்." இத்தனை மாதமாகப் பயப்படாமல் பாடத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல நினைத்தேன். "சார்..." என்பது வரைதான் வந்தது. அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். நாலு பேரைத் துணை முதல்வர் பொறுக்கினார். ரிஃபானா அதில் இல்லை.

ரெக்கார்டிங் முடிந்த மறுநாள் ஸ்டுடியோக்காரர் பாட்டைப் போட்டுக் காட்டினார். சொல்லும் மெட்டும் என்னுடையவைதான், ராகம் மட்டும் அதில் இல்லை. ஆனந்தபைரவியில் காந்தாரம் என்கிற சுரம் அசைய வேண்டும். அது அசையாவிட்டால் அந்த ராகமே இல்லை. அந்த ஒரு அசைவை வரவழைக்கப் பிள்ளைகளோடு நான் பட்ட பாடு அந்த லேப்பின் பாட்டில்களுக்குத்தான் தெரியும். இங்கே எல்லாச் சுரமும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் பெருமையாகக் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். "கொரலு எல்லாம் ஒரே ஆட்டமா ஆடிக்கிட்டு இருந்துச்சு மேடம். உக்காந்து ஒவ்வொண்ணா நேராக்கிட்டேன்."

ஆண்டு விழா

மேடைக்குப் பின்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருக்காங்க" என்றேன். ரிஃபானா கையைத் தூக்கினாள். "சத்தம் வராம எப்பிடி மிஸ் பாடுறது?" எனக்குத் தெரியாதும்மா, எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை என்றேன். அது உண்மை.

முன்னால் வைத்திருந்த மைக்குகள் எல்லாம் வெறும் அலங்காரம். ஒன்றிலும் உயிர் இல்லை. ஸ்பீக்கரில் பாட்டு தொடங்கியது. முதல் வரிக்குப் பிள்ளைகள் சொன்னபடி வாயை அசைத்தார்கள். இரண்டாவது வரியில் காந்தாரம் வந்தது. ஸ்பீக்கரில் அது மரக்கட்டை மாதிரி நேராக வந்தது. அதே நேரத்தில் மேடையின் இடது ஓரத்திலிருந்து ஒரு கனத்த குரல், தப்பைத் திருத்துகிற மாதிரி, அதை அசைத்துப் பாடியது. பக்கத்தில் நின்ற பிள்ளை திரும்பிப் பார்த்தாள், அவளும் பாடினாள். அடுத்த வரிக்கு ஏழெட்டுப் பேர். சரணம் வருவதற்குள் இருபத்து நாலு பேரும் தொண்டையைத் திறந்துவிட்டார்கள். ஸ்பீக்கரை ஜெயிக்க முடியுமா? முடியவில்லை. பின்வரிசைகளில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் முன்வரிசைகளுக்கு இரண்டு பாட்டும் கேட்டது: ஒன்று தலைக்கு மேலிருந்து நேராக, ஒன்று எதிரிலிருந்து அசைந்து அசைந்து. முன்வரிசையில் சிறப்பு விருந்தினர்கள் இருந்தார்கள். அதற்குப் பின்னால் இடது ஓரத்தில் ரிஃபானாவின் அம்மா, கையில் போனை உயர்த்திப் பிடித்தபடி இருந்தார்.

நான் திரைக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன், சந்தோஷமா ஆத்திரமா என்று பிரிக்க நேரமில்லை. தாளாளர் வேர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்தார். மேடையைக் கையால் காட்டி, பாட்டு டீச்சரான என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்ன மேடம் இது? பிள்ளைங்க ஏன் பாடுறாங்க?"

குவைத்திலிருந்து

மறுநாள் காலை ரிஃபானாவின் அம்மா போனிலிருந்து எனக்கு ஒரு ஆடியோ வந்தது. அவள் அப்பா பேசி அனுப்பியது. பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுகிற இரைச்சல், அதற்கு மேல் அவர் சத்தமாகப் பேசியிருந்தார். "மேடம், ஸ்பீக்கர்ல யாரோ ஜாஸ்தி சத்தமாப் பாடுறாங்க, அது யாருன்னு தெரியல. அடுத்த தடவ அத மட்டும் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க."

அடுத்த தடவை இல்லை. விழா முடிந்து வந்த திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. நிர்வாகத்தின் உத்தரவை மீறி மாணவர்கள் மேடையில் குரல் எழுப்பியதற்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருந்தார்கள். "ஒரு வருடமாகப் பாடக் கற்றுக்கொடுத்தேன், பாடிவிட்டார்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாயால் சொல்ல வராதது, எழுதும்போது ஒரே வரியில் வந்துவிட்டது. புதுக் கால அட்டவணையில் அபாகஸ் வந்தது, நான் வெளியே வந்தேன்.

அடுத்த இன்டர்வியூவில் ஏன் பழைய வேலையை விட்டீர்கள் என்று கேட்டால் இதைத்தான் சொல்லப்போகிறேன்: பாட்டு டீச்சராக ஒரு வருஷம் வேலை பார்த்ததில், பிள்ளைகள் பாடிவிட்டார்கள் என்பது ஒன்றுதான் என் மேல் வந்த புகார்.