அருப்புக்கோட்டை கேட்டால் புறக்கோட்டை

கொழும்பில் இன்று நடந்ததை ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து கூட்டிவந்த ஆறு வயது மகளுக்கும் நாலு வயது மகனுக்கும் ஊர் சுற்றிக் காட்டினேன். காலையில் கடல், பிறகு கப்பல்கள். மருதானையில் மகனுக்குச் செவ்விளநீர் வாங்கித் திரும்பினால், மகளைக் காணோம்.

பத்திரிகை நிருபனான எனக்கு விசாரிப்பதுதானே தொழில்?

பக்கத்துப் பழக்கடைக்காரர் சொன்னார்: "பாவாடை கட்டின பிள்ளையா? நின்ற டிராமில் ஏறிச்சு. எந்த ஊர் என்று கண்டக்டர் கேட்டார். புறக்கோட்டையாம். உட்கார வைத்துக்கொண்டு போய்விட்டார்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வழி தவறினால் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கப்பலேறுமுன் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். தங்கியிருக்கும் விடுதியின் பெயரைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்த டிராமில் போனோம். கொழும்பின் கடைவீதிப் பகுதியான புறக்கோட்டை நிறுத்தத்தில் கண்டக்டர் அவள் கையைப் பிடித்தபடி நின்றார்.

"வீட்டைக் காட்டச் சொன்னால் முறைக்கிறாள், ஐயா."

மகள் அழவில்லை. கோபத்தில் இருந்தாள்.

"இவுகளுக்குக் காது கேக்கலப்பா! அருப்புக்கோட்டைன்னு மூணு தடவ சொல்லிட்டேன். இங்க கொண்டாந்து எறக்கிட்டாக!"

கண்டக்டர் சிரித்துவிட்டார். மகன் அக்காளிடம் மெதுவாகச் சொன்னான்: "அடுத்த தடவ தொலையும்போது நானும் வாரேன்க்கா."

விடுதியின் பெயரை இருவரும் இப்போது தூக்கத்திலும் சொல்வார்கள். ஊரில் இருக்கும் என் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சம். அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.