இரண்டு அளவு பெரிய செருப்பு

மாட்டுங்கா மார்க்கெட்டை ஒட்டிய இட்லிக் கடையில் அவளை முதன்முதலாகப் பார்த்தபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைத்தான் பார்த்தேன். முகம் எனக்குத் தெரியவே தெரியாதே! மூன்று வருஷமாக எழுத்தாகவும் குரலாகவும் மட்டுமே தெரிந்தவள். புரொபைலில் ஒரு மயிலிறகுப் படம். வாசலில் யார் ஏறி வந்தாலும் இவளா, இவளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பட்பட்டென்று தரையில் அடித்துக்கொண்டு ஒரு சத்தம் வந்ததும் கண் தானாகக் கீழே போனது. தவிட்டு நிற ரெக்சின் செருப்பு. குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரற்கடை சும்மா கிடந்தது. கழன்று விழாமல் இருக்க விரல்களை மடக்கி இடுக்கிக்கொண்டு நடந்து வந்தாள். மேஜைக்கு வந்தவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா செருப்புக்கா" என்றாள்.

நான் செம்பூரில் இருப்பவள். பிறந்து வளர்ந்தது மாட்டுங்கா. ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியாகிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. ஆகாதவள் காதல் கதை எழுதுகிறாளே என்று உறவில் சிலர் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். பெண்கள் தொடர்கதை எழுதும் ஓர் இணையதளத்தில் இருபத்துச் சொச்சம் நாவல்கள் எழுதியிருக்கிறேன். அந்த உலகத்துக்கென்று சில நடைமுறைகள் உண்டு. இரண்டு நாளைக்கு ஓர் அத்தியாயம் போட வேண்டும், அதற்குப் பெயர் யூடி, அப்டேட்டின் சுருக்கம். ஒரு நாள் தாமதமானாலும் 'யூடி எங்கே சிஸ்?' என்று வாசகிகள் பிடித்துக்கொள்வார்கள். கதாநாயகன் எவ்வளவு முரடனாக வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் கடைசியில் திருந்த வேண்டும். இருவரும் சேர வேண்டும். அதற்குப் பிறகு எபிலாக் என்று ஒரு வால் வைத்து அதில் குழந்தை பிறக்க வேண்டும், இரட்டையாக இருந்தால் ரொம்ப விசேஷம். கிண்டல் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நானே பதினோரு ஜோடி இரட்டையரைப் பெற்றுப் போட்டவள்தான்.

தளத்தில் பழகிய ஏழு பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்திருந்தோம். ஈரோட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் எங்கள் அட்மின் அக்கா. கடைசியாக வந்து சேர்ந்தவள் இவள், தாராவிக்காரி. பம்பாயிலிருந்து எழுதியது நாங்கள் இரண்டே பேர் என்பதால் எனக்கு அவள்மேல் தனிப் பாத்தியதை. தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவள் படித்ததெல்லாம் முனிசிபல் பள்ளியில், இந்தி மீடியத்தில். தமிழ் வாசிக்கக் கற்றது ஞாயிற்றுக்கிழமை சர்ச் வகுப்பில், வேதாகமத்தைச் சத்தம் போட்டு வாசித்து. அதனால் அவள் கதையில், 'அவன் அவளை நோக்கி, டீ குடிச்சியா என்றான்' என்று வரும். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவளும் சேர்ந்து சிரிப்பாள். "குக்கர்ல மூணு விசில் வாரதுக்குள்ள ரெண்டு பாரா அடிச்சிருவேன்க்கா, ஜல்தி ஜல்தில வேற எப்படி வரும்?" என்று குரல் பதிவு அனுப்புவாள். பின்னணியில் நிஜமாகவே குக்கர் கூவும். அவளுடைய வாக்கியங்களைச் சீர்செய்யும் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன்.

குரூப்பில் எழுத்தாளர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. இது உன் சொந்தக் கதையா என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். கல்யாணமாகாத ஐம்பது வயதுக்காரியைப் பற்றி நான் எழுதிய கதைக்குக் கீழே, 'மேடம், இது உங்க லைஃபா?' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு நாள் தளத்துப் பக்கமே போகவில்லை. எழுதுகிறவளைப் பார்த்துக் கேட்கக் கூடாத கேள்வி அது, நம்மில் யாரும் அதைச் செய்யக் கூடாது என்று குரூப்பில் நீளமாக ஒரு பிரசங்கம் வைத்தேன். எல்லோரும் கைதட்டல் படம் போட்டார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கிடையே எது பேசினாலும் கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லித்தான் பேசுவோம்.

அவள் எழுதிய நான்காவது தொடர்தான் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதில் வரும் கணவன் அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான், குரலைக்கூட உயர்த்த மாட்டான். வேலைக்குக் கிளம்பும்போது மனைவியின் செருப்புகளை எல்லாம் பொறுக்கி பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவான், அவ்வளவுதான். ஏழாவது அத்தியாயத்தில் அது வந்தது. வாசகிகள் இதயப் படமாகப் போட்டுத் தள்ளினார்கள். 'செம பொசசிவ் ஹீரோ!', 'எனக்கு இப்படி ஒருத்தன் கிடைக்கலையே!' என்றெல்லாம் கமெண்ட். சனிக்கிழமைதோறும் குரூப்பில் ஒருவர் கதையை அலசுவது வழக்கம், போஸ்ட்மார்ட்டம் என்று பெயர் வைத்திருந்தோம். அந்த வாரப் போஸ்ட்மார்ட்டத்தில் நான், 'பிரமாதமான கற்பனை தங்கச்சி, இது எப்படித் தோன்றியது உனக்கு?' என்று எழுதினேன். அவள் ஒரு சிரிக்கும் முகம் மட்டும் அனுப்பினாள்.

முப்பத்தோராவது அத்தியாயத்தில் கதாநாயகி தன் மகனைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசகிகள் கலவரமாகிவிட்டார்கள். பிரித்துவிடாதே, சேர்த்து வை என்று ஒரே கெஞ்சல். கடைசி அத்தியாயத்தைத் தளத்தில் போடுவதற்கு முன்னால் தங்கச்சி எனக்கு அனுப்பினாள். அதில் கதாநாயகி திரும்பிப் போகவில்லை. அம்மாவின் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, அது இரண்டு அளவு பெரிதாக இருக்க, விரல்களை இடுக்கியபடி தெருவில் இறங்கி வேலை தேடப் போகிறாள். அங்கே கதை முடிந்துவிடுகிறது. எனக்கு எரிச்சலாக இருந்தது. வழக்கம்போல் சிவப்பு எழுத்தில் ஓரக்குறிப்பு எழுதினேன். 'இது முடிவு இல்லை, பாதியில் விட்டது.' இன்னொரு இடத்தில், 'செருப்பு பெரிசு என்று நாலு வரி எதற்கு? இழுவை. வெட்டு.' அனுப்பிய அரை மணி நேரத்தில் அவளிடமிருந்து செய்தி வந்தது, நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்று. மூன்று வருஷத்தில் அப்படிக் கேட்டதே இல்லை. மறுநாள் மாட்டுங்காவில் பார்க்கலாம் என்றேன்.

அப்படி வந்தபோதுதான் அந்தச் செருப்பு. முந்தின நாள்தான் அந்த அத்தியாயத்தை வரிவரியாகப் படித்துச் சிவப்படித்தவள் நான். எதிரே அதே செருப்பு, அதே இடுக்கிய விரல்கள். எனக்கு என்ன தோன்ற வேண்டும்? என்ன தோன்றியது தெரியுமா? கதைக்காக உழைக்கிறாள் என்று தோன்றியது! "என்னடி, நிஜமாவே போட்டு நடந்து பாக்கறியா? பலே, இதாண்டி உழைப்பு!" என்று தோளில் தட்டினேன். அவள் சிரித்தாள். இப்போது நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

காப்பி வந்தது. அவள் குடிக்கவில்லை, டம்ளரைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டாள். "அக்கா, அவ திரும்பிப் போறான்னு வச்சிக்கிடுங்க. அவன் நெசமாவே மாறியிருப்பானா?" என்று கேட்டாள்.

"மாறாம என்ன பண்ணுவான்? மாத்தறது நம்ம கைலதானே இருக்கு."

"நம்ம கைலயாக்கா?"

"வேற யார் கைல? ஒரு ஆஸ்பத்திரி சீன் வை, அவனை நாலு சொட்டு அழ வை. அவன் மாறிடுவான், அவளும் மன்னிச்சுடுவா. மூணு வருஷமா உன்னைப் படிக்கறவாளை அழ வெச்சு அனுப்பலாமாடி?"

"அந்தப் பிள்ளைக்கும் அப்பா வேணும்லா" என்றாள், பாதி தனக்குத்தானே. ஆமாம், அதையும் சேர்த்துக்கொள், நல்ல பாயிண்ட் என்றேன். காப்பியில் ஆடை படிந்துவிட்டது. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அச்சா அக்கா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். வழியெல்லாம் எபிலாக்கில் இரட்டைப் பெண் குழந்தை வைக்கலாம் என்று யோசனை சொல்லிக்கொண்டே போனேன். அவள் அந்தச் செருப்போடு பஸ்ஸில் ஏறப் பட்ட பாட்டைப் பார்த்துச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது.

மாற்றிய முடிவு வெளியானது. அவள் வாழ்நாளில் பார்க்காத அளவுக்குக் கமெண்ட் குவிந்தது. அவளிடமிருந்து ஒரு நன்றிகூட வரவில்லை. எங்கள் குரூப்பில் யாராவது இரண்டு வாரம் காணாமல் போனால் விளையாட்டுக்குக் 'காணவில்லை' போஸ்டர் அடிப்போம். இவளுக்கும் அடித்தோம், அடித்தவள் நானேதான். 'கடைசியாகக் காணப்பட்ட இடம்: எபிலாக். அடையாளம்: எல்லோரையும் நோக்கிப் பேசுவாள்.' எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் படம் போட்டார்கள். அவளுக்குத் தனியாக அனுப்பியதில் ஒற்றை டிக்தான் விழுந்தது. ஒரு மாதம் கழித்தும் ஒற்றை டிக். போன் செய்தால் இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

குரூப் போட்டியில் ஜெயித்ததற்காக அவளுக்கு ஒருமுறை பரிசுப் புத்தகம் அனுப்ப அவள் கொடுத்த அம்மா வீட்டு முகவரி என்னிடம் இருந்தது. செம்பூரிலிருந்து தாராவி என்ன தூரம்? சயானில் இறங்கினால் நடந்துவிடலாம். மூன்று வருஷத்தில் ஒரு நாள் போகத் தோன்றவில்லை எனக்கு. நயன்ட்டி ஃபீட் ரோடிலிருந்து உள்ளே திரும்பி, விசாரித்து விசாரித்துப் போனேன். வாசலில் அந்தத் தவிட்டு நிறச் செருப்பு கிடந்தது. அவள் அம்மா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

"எம்மா, நீங்கதான் அந்தச் செம்பூர் அக்காவா? கோடி புண்ணியம் உங்களுக்கு. நாலு மாசமா இங்க வந்து உக்காந்திட்டா, போகவே மாட்டேன்னு. நாங்க சொன்னோம், பாஸ்டர் வந்து சொன்னாரு, ஒண்ணும் ஏறல. மாட்டுங்கா போயி உங்களப் பாத்துட்டு வந்தா, மறுநாளே பையனக் கூட்டிட்டுக் கோபர்கைரனேக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கே போயிட்டா. நீங்க எடுத்துச் சொன்னியளாம்லா. நல்லாருப்பிய."

சட்டம் போட்டவளே சட்டத்தை மீறினேன். "மாப்பிள்ளை அவ செருப்பையெல்லாம் பூட்டி வெப்பாரா?" என்று கேட்டேன். அம்மா லேசாகச் சிரித்தாள். "அது என்னமோ அவருக்கு ஒரு பயம்மா. அடிக்க மாட்டாரு, குடிக்க மாட்டாரு. தங்கமான மனுஷன்" என்றாள். எனக்கு டீ போட எழுந்தாள். டீ கொதிப்பதற்குள் கோபர்கைரனே முகவரியை எழுதி வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரமே ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, வாஷியில் ரயில் மாறிக் கோபர்கைரனே போனேன். மூன்றாவது மாடி. கதவுக்கு வெளியே செருப்பு ஸ்டாண்டு. கறுப்பு ஷூ, ஆண்பிள்ளைச் செருப்பு இரண்டு ஜோடி, பையனுடைய ரப்பர் செருப்பு ஒன்று. நான் என் செருப்பைக் கழற்றிவிட்டு மணி அடித்ததையே மறந்து அந்த ஸ்டாண்டில் இருந்தவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தவள் வெறுங்காலோடு இருந்தாள். "ஐயோ, அக்காவா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். இளைத்திருந்தாள். தண்ணீர் கொடுத்தாள். நம்பரை அவர் மாற்றிவிட்டார், இப்போது போன் அவரிடமே இருக்கிறது என்றாள். எழுதுகிறாயா என்று கேட்டேன். "என்னத்த எழுத? கதைதான் முடிஞ்சிட்டே" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். எனக்குத் தெரியாமல் போச்சேடி, கேட்டிருக்கணும்டி என்று ஏதேதோ உளறினேன். அவள்தான் என்னைத் தேற்றினாள். "நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லலக்கா. அவரு மாறித்தான் போயிட்டாரு. முன்னாடி பீரோல வச்சிப் பூட்டுவாரு. இப்ப வாங்கிக் குடுக்கதே இல்ல." சொல்லிவிட்டுப் பழைய குரல் பதிவுகளில் சிரிப்பாளே, அதே மாதிரி சிரித்தாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "வா, என்கூட வந்துடு. வீட்ல ரெண்டு ரூம் இருக்கு. பையனை ஸ்கூல்லேருந்து அப்படியே கூட்டிண்டு போயிடலாம். என் செருப்பைப் போட்டுக்கோ, நான் வெறுங்கால்ல வரேன்" என்றேன். அவள் என் செருப்பைப் பார்த்தாள். மெதுவாக ஒரு காலை நுழைத்தாள், பிறகு மற்றதை. அளவெடுத்துத் தைத்தாற்போல் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு, ஸ்டாண்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். லிஃப்ட் மேலே வந்து, யாரும் ஏறாமல் கீழே போனது. "அவருக்கு ஸ்கூல்ல எல்லாரையும் தெரியும்க்கா" என்றாள். கழற்றினாள். குனிந்து இரண்டையும் நான் மாட்டிக்கொள்ளத் தோதாக வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போனேன், கதவு திறக்கவில்லை. போலீஸுக்குப் போகலாமா என்று அவள் அம்மாவைக் கேட்டதற்கு, குடும்பத்தைக் கெடுக்காதிய என்று என்னை அனுப்பிவிட்டாள். குரூப்பில் நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் அழும் படம் போட்டார்கள். அட்மின் அக்கா சட்டத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன? இன்னும் யாரும் யாரையும் கேட்பதில்லை. அவளுடைய தொடருக்குக் கீழே இன்றைக்கும் புது வாசகிகள் வருகிறார்கள், 'இப்படி ஒரு புருஷன் போதும்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். பழைய முடிவு என் போனில் இருக்கிறது. அதில் என் சிவப்புக் குறிப்புகளும் அப்படியே இருக்கின்றன. அவளைக் கேட்காமல் அதைப் போட எனக்கு உரிமை இல்லை, கேட்க வழியும் இல்லை. நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

அன்றைக்குப் போட்டிருந்த செருப்பைத்தான் இன்னும் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறேன். வேறு வாங்க மனம் வரவில்லை. இரண்டு அளவு பெரிய செருப்பை விரலால் இடுக்கிக்கொண்டு தாராவியிலிருந்து மாட்டுங்கா வரைக்கும் வந்தவள் அவள், என்னிடம் ஒரு கேள்வி கேட்பதற்காக. இந்தச் செருப்பு அவள் காலுக்கு அவ்வளவு சரியாக இருந்தது, அதில் ஓரடிகூட நடக்கவில்லை.