படித்தவருக்கு ஒரு டீ

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'எதுக்கு அக்கா'. என்னைவிட இரண்டு வயது இளையவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். உறவுமுறைக்கு எங்களிடம் அவ்வளவுதான் மரியாதை.

ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவுக்கு நாங்கள் சாஃப்ட்வேர் எழுதுகிறோம். எந்த நோயாளி, எந்தக் கிழமை, எந்த இயந்திரம் என்று அது பட்டியல் போடும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்து 'சரி' என்று போட்டால்தான் அது ஆஸ்பத்திரிக்குப் போகும். அதை ரிவ்யூ என்போம். நாங்கள் ரிவ்யூ செய்தால் 'சரி' வரும். அக்கா செய்தால் ஏதாவது ஒரு வரிக்குப் பக்கத்தில் 'எதுக்கு?' என்று வரும். முதல் வருடம் அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 'நீங்க தப்பு பண்ணிட்டீங்க' என்று அவர் யாருக்கும் எழுதியதில்லை. கேள்வி வரிக்குத்தான், ஆளுக்கு இல்லை. மூன்று கேள்விக்கு மேல் இருந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு, நாற்காலியை இழுத்துக்கொண்டு நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரே மூச்சில் எண்ணூறு வரியை அனுப்பினால் மட்டும், "இதை நாலா பிச்சுக் குடுங்க, அண்ணா. இவ்வளவு பெருசா இருந்தா கண்ணு மேயும், படிக்காது" என்பார்.

அவர் முதலில் வேலை பார்த்தது ஓர் அச்சகத்தில், பிழை திருத்துபவராக. அங்கே ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் விரல் வைத்துப் பார்ப்பாராம். ரயில் நேர அட்டவணைகளைத்தான் அதிகம் திருத்தியிருக்கிறார். மாலை வகுப்பில் புரோகிராம் எழுதப் படித்து எங்களிடம் வந்தார். கணவர் பஸ் ஓட்டுகிறார். ஒருமுறை அலுவலக விருந்துக்கு வந்தபோது, "வீட்ல கேட்டு மிச்சம் இருக்கிறதைத்தான் இங்க வந்து கேக்குறா" என்றார். அக்காவே முதலில் சிரித்தார்.

அவர் எழுதுவதை யார் ரிவ்யூ செய்தார்கள்? முறைக்கு நான்தான். செய்தேன் என்று சொன்னால் என் நாக்கு கூசும். அக்கா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று இரண்டு நிமிடத்தில் 'சரி' போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை முறையை மறுநாளுக்கு மாற்றிக்கொண்ட பெரியவர் ஒருவர், தலையணையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். பட்டியலில் அவர் பெயரே இல்லை. பழைய வாரத்திலிருந்து பெயரை எடுத்த புரோகிராம், புதிய வாரத்தில் சேர்க்கவில்லை. நர்ஸ் எப்படியோ மதியத்துக்குள் ஓர் இயந்திரத்தை ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பகுதியை எழுதியவர் அக்கா.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் மேலாளர் சுற்றி வளைக்கவில்லை.

"ஊரையே கேள்வி கேக்குறவங்க நீங்க. நீங்களே இப்படிப் பண்ணா எப்படிம்மா? கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி வேலை வேண்டாம். வேற யாராவது பாக்கட்டும்."

"என் தப்புதான் சார்" என்றார் அக்கா. அந்த வேலையை அவர் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

மேசைக்குத் திரும்பியதும், நான் 'சரி' போட்ட அந்தத் தொண்ணூறு வரியைத் திறந்தேன். முதல்முறையாகப் படித்தேன். அறுபத்தோராவது வரியில் தப்பு பல்லை இளித்துக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் ஒரே ஒரு 'எதுக்கு?' போட்டிருந்தால் போதும். ஏழு வரி தள்ளி, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பாக ஒன்று எழுதியிருந்தது:

'இந்த வரியைப் படித்தவர் என் மேசைக்கு வந்தால் ஒரு டீ.'

அதற்கும் கீழே என் பெயர். என் 'சரி'.

அவர் முன்பு எழுதியவற்றையும் திறந்து பார்த்தேன். மூன்று வருடமாக, ஒவ்வொன்றிலும் எங்காவது அதே வரி இருந்தது. எல்லாவற்றுக்கும் நான் 'சரி' போட்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நேராக மேலாளர் அறைக்குப் போனேன்.

"எழுதினது அவங்க சார். படிக்காமலே சரின்னு போட்டது நான். ரிப்போர்ட்ல காரணம்னு எழுதுனா என் பேரையும் சேர்த்து எழுதுங்க."

"அப்ப அவங்களே பாக்கட்டும். இனிமே அவங்க எழுதுறதை நீங்க நெஜமாவே படிங்க."

"தண்டனையா சார்?"

"அதுதான்யா உங்க வேலை."

அக்காவின் மேசைக்குப் போய், மேலாளரிடம் பேசியதைச் சொன்னேன். அந்த வரியைப் பார்த்ததையும் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தப்பு நடந்த பிறகு படிச்சதுக்கு டீ கிடையாது, அண்ணா."

நியாயம்தான். திரும்பி வந்தேன்.

இரண்டு நாள் கழித்துத் திருத்தத்தை அனுப்பினார். நாற்பது வரி. உதட்டை அசைத்து அசைத்து, ஒவ்வொன்றாகப் படித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. டீ வரியைத் தேடினேன். இந்த முறை அவர் அதை எழுதவே இல்லை. பன்னிரண்டாவது வரி மட்டும் எனக்குப் புரியவில்லை. கேட்டால் என்ன நினைப்பாரோ என்று தயங்கி, பிறகு அதன் பக்கத்தில் 'எதுக்கு?' என்று போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அக்கா இரண்டு டீயை என் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வருஷத்துல என்னை யாருமே கேட்டதில்ல, அண்ணா" என்றார். "எந்த வரி, காட்டுங்க."