மஞ்சளாய்ப் போன ஆரத்தி

என்னைப் பெண் கேட்டு வந்தவர்களில் ஒருவர் சயின்ஸ் வாத்தியார். ஜொகூர் பாருவில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், கையெழுத்து அழகாக இருக்குமாம். அதை நான் பார்த்ததில்லை, தரகர் சொன்னது. மற்றதையெல்லாம் நானே பார்த்தேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அந்தக் காலத்துக் கணக்கில் அது முற்றிப்போன வெண்டைக்காய். அப்பா கூலாய் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களுக்கெல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் அரிசியும் கருவாடும் போகும். அம்மா காலமாகி வெகுநாளாகியிருந்தது. அப்பாவின் தம்பி மனைவி, என் சின்னம்மா, வீட்டை நடத்தினாள். எனக்குப் பின்னால் ஒரு தங்கை வேறு காத்திருந்தாள். எங்கள் ஊரில் பரிசம் வரை வந்த சம்பந்தம் முறிந்தால் பெண்ணிடம் ஏதோ இருக்கிறது என்று பேசுவார்கள். மாப்பிள்ளையிடம் ஏதாவது இருக்குமோ என்று ஒருவரும் கேட்டு நான் அறியேன்.

பரிசம் போட வரும்போது மாப்பிள்ளையும் கூட வருவது எங்களில் வழக்கமில்லை. இவர் வந்தார். அந்த வெயிலில் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு, வாடகை மோட்டாரில், தன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். நவநாகரிகம் என்று தரகர் விளக்கம் சொன்னார். அம்மா இல்லாத இடத்தில் ஒரு பகல் பொழுதைக் கழிக்க அந்த மனிதருக்குத் தெரியாது என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. முதல் நாள் சாயங்காலமே வந்து எங்கள் மாடியில் தங்கினார்கள். மறுநாள் முற்பகலில் நல்ல நேரம்.

விடிந்ததும் அந்த அம்மாள் தன் முழங்கையை ஒவ்வொருவரிடமாக நீட்டிக் காட்டிக்கொண்டு வந்தார்.

"உங்க வீட்டு மூட்டப்பூச்சி ஒவ்வொண்ணும் புளியங்கொட்ட கணக்கா இருக்கு. ராத்திரி பூரா என்னைத் தூக்கிட்டுப் போகப் பாத்துச்சு" என்றார்.

மூட்டைப்பூச்சி இருந்தது உண்மைதான். அது இல்லாத பலகைக் கட்டில் அன்று மலாயாவில் எங்காவது இருந்திருந்தால் அதற்கு மாலை போட்டுக் கும்பிட்டிருப்போம். அப்பா கூனிக் குறுகி நின்றார். வாத்தியாருக்கு அதுதான் சமயமாக வாய்த்தது.

"கடையில கந்தகம் இருக்குங்களா மாமா?" என்று கேட்டார்.

கந்தகம் இல்லாத மளிகைக் கடை ஏது? தோட்டத்து ஆட்கள் தேங்காய் எண்ணெயில் குழைத்துச் சிரங்குக்குப் போட வாங்கிப் போவார்கள். ஒரு பெரிய பொட்டலம் வந்தது. கட்டில் கிடந்த அறையின் ஜன்னலை அடைத்து, இரும்புச் சட்டியில் கரி நெருப்பு வைத்து, கந்தகத்தை அதில் கொட்டச் சொன்னார். அந்த அறையில்தான் எங்கள் வரிசைத் தட்டுகள் இருந்தன. சின்னம்மா எதையும் முன்கூட்டியே செய்து வைக்கிறவள். நாளைய குழம்புக்கு இன்றே புளி கரைப்பாள். அன்றும் விடியற்காலையிலேயே மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து, ரத்தச் சிவப்பாக ஆரத்தி கரைத்து, பித்தளைத் தாம்பாளத்தில் மூடாமல் வைத்திருந்தாள். அவள் அதை எடுக்கப் போனபோது அந்த அம்மாள் தடுத்தார்.

"நேரம் பாத்து வச்ச தட்டு. நகத்தக் கூடாது."

"இருக்கட்டும்மா. புகை அதை ஒண்ணும் செய்யாது" என்றார் வாத்தியார். இந்த வாக்கியத்தை நான் சாகிற வரை மறக்க மாட்டேன்.

கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்துவிட்டு, கூடத்தில் நின்று பாடம் நடத்த ஆரம்பித்தார். தோட்டங்களிலிருந்து பரிசத்துக்கு வந்திருந்த, கணக்கெழுதும் கிராணிமாரும் ஆள் மேய்க்கும் கங்காணிகளும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அவர்களுக்கு டை கட்டியவன் எதைச் சொன்னாலும் வேதம்.

"கரி, கந்தகம், பாஸ்பரஸ், இதெல்லாம் உலோகம் இல்லைங்க. இதுங்க எரியுறப்ப காத்துல இருக்கிற ஆக்ஸிஜனோட சேரும். அப்ப உண்டாகிறது ஆக்ஸைடு. அது தண்ணில கரைஞ்சா ஆசிட் ஆயிரும். சோடா குடிச்சா நாக்குல சுருக்குன்னு இருக்குல்ல? அது கரி எரிஞ்சு வர்ற வாயு தண்ணில கரைஞ்சது. உலோகத்தோட ஆக்ஸைடு இதுக்கு நேர் எதிரி. சுண்ணாம்பு அந்த ஜாதி. ரெண்டும் சேந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு அடங்கிரும்."

பிறகு கோட்டுப் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கட்டு நீலக் காகிதத்தை எடுத்தார். ஒரு துண்டைக் கிழித்து, எச்சிலில் நனைத்து, கதவிடுக்கில் கசிந்த புகையில் பிடித்தார். காகிதம் சிவந்தது, ஆசிட் பட்டால் அப்படித்தானாம். அதைச் சபை முழுக்கக் காட்டிவிட்டு, நான் நின்ற சமையலறைக் கதவுப் பக்கமும் ஒரு முறை காட்டினார்.

எனக்குப் பிடித்துப் போயிற்று. அதை ஏன் மறைக்க வேண்டும்? ஏழாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஓர் அண்ணன் உண்டு, அவனுடைய சயின்ஸ் புத்தகத்தை அவன் திறந்ததைவிட நான் அதிகம் திறந்திருக்கிறேன். இந்த மனிதரோடு வாழ்ந்தால் வீட்டில் பேசுவதற்கு அரிசி விலையைத் தவிர வேறு ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். நீலக் காகிதம் சிவந்த அந்த நிமிஷத்தில் நானும் கொஞ்சம் சிவந்திருப்பேன்.

நல்ல நேரத்துக்குச் சற்று முன்னால் அறையைத் திறந்தார்கள். தீக்குச்சிக் கம்பெனிக்குள் நுழைந்த மாதிரி நாற்றம். எல்லாரும் இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் தட்டுகளைக் கூடத்துக்கு எடுத்து வந்தார்கள். பெண்ணை மணையில் உட்கார வைத்து, ஆரத்தி எடுத்த பிறகே தாம்பூலம் மாற்றுவது அவர்கள் வீட்டு முறையாம். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். சின்னம்மா தட்டில் வெற்றிலையை மிதக்கவிட்டு அதன் மேல் கற்பூரத்தை ஏற்றினாள். அந்த வெளிச்சத்தில்தான் தண்ணீரின் நிறத்தைக் கண்டாள்; சுற்றப் போன கை நின்றுவிட்டது.

தட்டில் இருந்தது பருப்புத் தண்ணீர் மாதிரி வெளுத்த மஞ்சள். சிவப்பு இருந்த சுவடே இல்லை.

எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பிறகு அந்த அம்மாள் நிதானமாக, எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார்.

"ஆரத்தில சிகப்பு நிக்கலைன்னா நெத்தில குங்குமம் நிக்காதுன்னு அர்த்தம். எனக்கு இருக்கிறது ஒத்தப் புள்ள. அவனைக் காவு குடுக்கவா இங்க கூட்டியாந்தேன்?"

அப்பாவின் முகம் செத்துவிட்டது. சின்னம்மா தட்டை மணைக்கு முன்னால் இறக்கி வைத்துவிட்டாள். சற்று முன் வாத்தியாருக்குத் தலையாட்டிய அதே கிராணிமார் இப்போது அந்த அம்மாளுக்கும் அப்படியே தலையாட்டினார்கள். அந்தத் தலைகளுக்கு வேறு வேலையே கிடையாது. ஒருவர் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார். தாலியே கட்டாத எனக்கு அந்த இரண்டு நிமிஷத்துக்குள் தாலியை அறுத்து முடித்திருந்தார்கள்.

நான் நிமிர்ந்து வாத்தியாரைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். கந்தகப் புகை தண்ணீரில் கரைந்து ஆசிட் ஆகிவிட்டது, அது சுண்ணாம்பை அடக்கிவிட்டது, சுண்ணாம்பு போனதும் மஞ்சள் தன் நிறத்துக்குத் திரும்பிவிட்டது. தட்டில் கிடந்தது காலையில் அவர் நடத்திய பாடம், ஒரு வரிகூட மாறாமல். "என் புகையால வந்ததும்மா" என்று அவர் சொல்லியிருந்தால் போதும். அவரோ கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். அவர் சாவி கொடுப்பதை நிறுத்தவில்லை. அந்தக் கடிகாரம் அன்று உடையாமல் தப்பியது ஆச்சரியம்.

மணையில் உட்கார்ந்த பெண் வாயைத் திறக்கக் கூடாது. நான் திறந்தேன்.

"அந்த நீலக் காகிதம் உங்க பையிலதான இருக்கு? ஒண்ணைக் கிழிச்சு இந்தத் தண்ணில நனைச்சுக் காட்டுங்க."

அவர் கை பைக்குப் போயிற்று. அவருடைய அம்மா திரும்பிப் பார்த்தார். போன கை பையின் மேலேயே நின்றுவிட்டது.

"சயின்ஸ் வேற, சம்பிரதாயம் வேற. இதுல பெரியவங்க சொல்றதுதான்" என்றார், தரையைப் பார்த்து.

நான் எழுந்தேன். தாம்பூலத் தட்டிலிருந்த டப்பாவில் இரண்டு விரலால் சுண்ணாம்பை வழித்து, ஆரத்தித் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். விரலைச் சுற்றிச் சிவப்பு கிளம்பித் தாம்பாளம் முழுக்கப் பரவியது. சின்னம்மாவுக்குப் போன உயிர் வந்தது. தலைகள் மறுபடி என் பக்கம் ஆடின. அந்த அம்மாளுக்கு மட்டும் முகம் இன்னும் கறுத்தது.

"சபையில எந்திரிச்சுக் கை நீட்டுற பொண்ணு" என்றார். அபசகுனம் போய் இப்போது அடக்கமின்மை வந்துவிட்டது. ஏதாவது ஒன்று இல்லாமல் அவரால் முடியாது.

தரகர் சும்மா இருப்பாரா? மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டால் தோஷம் கழிந்துவிடும், தாம்பூலத்தை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று சமாதானம் பேசினார். பட்டுச்சேலை பெட்டியை விட்டு வந்தாயிற்று, சாப்பாடும் இறக்கியாயிற்று, ஆகவே அந்த அம்மாளும் மெல்ல இறங்கி வந்தார். அப்பா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். பாவம், அவருக்கு என் தங்கையும் கண்ணுக்குள் நின்றிருப்பாள்.

அந்தச் சந்தடியில் வாத்தியார் சமையலறை வாசலுக்கு வந்தார்.

"எனக்குத் தெரியும்ங்க. கல்யாணம் ஆனதும் அம்மாகிட்ட மெதுவா எடுத்துச் சொல்லலாம்னு இருந்தேன்."

"அதுவரைக்கும் நான் குங்குமம் நிக்காதவளா இருக்கணுமா?"

"கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார்.

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பெண்ணின் பெயர் கொஞ்ச நாள் சாக்கடையில் கிடந்தால் என்ன, பிறகு கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அறியாமல் பேசிய அவருடைய அம்மாவை அந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன். அறிந்து வாயை மூடியிருந்தவரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

நான் நேராக அப்பாவிடம் போனேன். "இந்த ஆளு வேணாம்பா."

"பாப்பா, ஊரு என்ன பேசும்னு யோசிச்சுக்க" என்றார் மெதுவாக.

"பேசட்டும். அவுங்க பேசுறது பொய்யின்னு தெரிஞ்சும் என் பக்கத்துல வாயை மூடிட்டு இருக்கிறவரோட என்னால வாழ முடியாது."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கூடத்துக்குப் போய், கை கூப்பி, எல்லாரையும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அவர்கள் சாப்பிடவும் செய்தார்கள். வாத்தியார் பாயசம் இரண்டாம் முறை வாங்கினார்.

ஊர் பேசியது. சில வருடங்களுக்கு எங்கள் படியை ஒரு தரகரும் மிதிக்கவில்லை. தங்கைக்கு எனக்கு முன்னால் கல்யாணம் முடிந்தது. சில நாட்கள் அழுதிருக்கிறேன், அந்த மனிதருக்காக அல்ல. அவருடைய மாணவர்கள் பரீட்சையில் நன்றாக எழுதுவதாகக் கேள்விப்பட்டேன். எழுதுவார்கள். பாடத்தில் அவரிடம் ஒரு குறையும் கிடையாது.

அன்று மத்தியானம் அவர்கள் மோட்டாரில் ஏறிப் போன பிறகு, கூடத்து மூலையில் ஆரத்தித் தட்டு அப்படியே இருந்தது. அதைக் கொட்டட்டுமா என்று சின்னம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். அப்பா என்னை வாசலுக்குக் கூட்டிப் போய் நிற்க வைத்தார்.

"புள்ளைக்குச் சுத்திட்டு ஊத்து. இன்னைக்குத்தான் அவளுக்குக் கண்ணு கழிஞ்சிருக்கு" என்றார்.

சின்னம்மா மூன்று முறை சுற்றினாள். மோட்டார் நின்றிருந்த இடத்தில், அதன் சக்கரத் தடத்தின் மேலேயே ஊற்றினாள். நல்ல சிவப்பாகத்தான் இருந்தது.