காலுக்குப் பத்து நாள்

என் எழுத்து மேஜைக்கு அடியில் ஒரு பலகை கிடக்கிறது. ஒன்றரை முழ நீளம், ஒரு சாண் அகலம். அதன் மேல் மூன்று மரக்கட்டைகளை வரிசையாக நிறுத்தி ஆணியடித்திருக்கிறது. கட்டை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருக்கும். வீடு பெருக்க வருகிற பெண் இதை அடுப்புக்குப் போட்டுவிடட்டுமா என்று பலமுறை கேட்டுவிட்டாள். பேரன் இது என்ன விளையாட்டுச் சாமான் என்று கேட்டபோது ஏதோ சொல்லி மழுப்பினேன். மூன்றில் நடுக்கட்டை மட்டும் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு ஒரு மனிதரின் பாதத்திலிருந்து வந்தது. அவரை நாங்கள் டிரைவர் என்றே அழைத்தோம். இந்தப் பலகையை ஐம்பது வருஷத்துக்கு மேல் பாதுகாத்து வந்தேன் என்று எழுதத் தோன்றுகிறது. ஒளித்து வந்தேன் என்பதே சரி.

இருபதுகளின் கடைசியில் என் தாய்மாமன் பூந்தமல்லியிலிருந்து பாரிவாக்கம் வழியாகத் திருநின்றவூர் ரயிலடிக்கு ஒரு பஸ் விட்டிருந்தார். கரையான்சாவடியில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதுதான் வண்டி நிற்கும் இடம், பெட்ரோல் டின் அடுக்கும் இடம், ஆபீஸ் எல்லாம். நான் பி.ஏ. தேறிவிட்டு வேலை கிடைக்காமல் மாமாவிடம் மானேஜராக உட்கார்ந்திருந்தேன். ஒரே பஸ்ஸுக்கு ஒரு மானேஜர். அதற்கு ஈடுகட்டுவதுபோல் கோட்டுப் போட்டுக்கொள்வேன்.

பஸ் என்றால் இன்றைய பஸ் அல்ல. அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் லாரி அடிச்சட்டத்தின் மேல் நம் ஊர்த் தச்சர்கள் மரக்கூண்டு கட்டிப் பலகை போட்டது. கம்பெனியின் பெயரை எழுதவேண்டியதில்லை. அந்த நாளில் பாதிப் பேருக்கு மோட்டார் என்றாலே அதுதான். வண்டிகள் மரப்பெட்டிகளில் உதிரியாகக் கப்பலில் வந்து பட்டணத்தில் பூட்டப்படும். ஏறக்குறைய இருபது வருஷம் அந்தக் கம்பெனி ஒரே மாதிரியை விடாப்பிடியாகச் செய்து உலகம் முழுவதும் விற்றது. காலடியில் மூன்று மிதிகள். இடதை அழுத்திப் பிடித்தால் மெதுவாகப் போகும், விட்டால் வேகம் எடுக்கும். நடு மிதி பின்னால் போவதற்கு. வலது மிதி பிரேக். பெட்ரோலைக் கூட்டுவதும் குறைப்பதும் ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த ஒரு சிறு கைப்பிடியால். அதாவது, இந்த வண்டியை ஓட்டுகிறவனின் வலது காலுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வேலைதான்: நிறுத்துவது. இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. பெட்ரோல் தொட்டி சீட்டுக்கு அடியில் இருந்தது. எஞ்சினுக்குப் பெட்ரோல் தானாக வழிந்துதான் போகவேண்டும். மேட்டில் ஏறும்போது எஞ்சின் உயர்ந்துவிடும், பெட்ரோல் போகாது, வண்டி நின்றுவிடும். ஆகவே திருநின்றவூர் ஏரிக்கரை மேட்டுக்கு வந்ததும் டிரைவர் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மேலே ஏற்றுவார். ரயிலடியில் பூ விற்கும் பெண் ஒருத்தி தினமும் எங்கள் பஸ்ஸில்தான் வருவாள்; அந்த இடம் வந்ததும் கேலியை ஆரம்பிப்பாள்.

"இன்னா டிரைவரே, மாமியா ஊட்டுக்குப் போறவன் மாரி முதுகைக் காட்டிகினே போறியே!"

"குந்துக்கா. தலைய தாழ்த்துனாத்தான் இது தண்ணி குடிக்கும். ஒன் ஊட்டு மாடு அண்ணாந்துகினா குடிக்குது?"

வண்டியே சிரிக்கும். நான் மட்டும் சிரிக்கமாட்டேன், மானேஜர் அல்லவா.

டிரைவர் பாரிவாக்கத்துக்காரர். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கிருந்த மிராசுதார்களின் நிலத்தில் வேலை செய்தது. நிலக்காரர்களை அவர்கள் "ஆண்டே" என்றுதான் கூப்பிடவேண்டும்; துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எட்ட நிற்கவேண்டும். முதல் யுத்தத்தில் இவர் பட்டாளத்துக் கூலியாட்களோடு கடல் தாண்டிப் பஸ்ராவுக்குப் போனார். அங்கே இதே கம்பெனியின் வண்டிகளை முதலில் மணலிலிருந்து தள்ளி, பிறகு துடைத்து, பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்தபோது "ஆண்டே" என்ற சொல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மாமாவுக்கும் சார், எனக்கும் சார், அவர் தகப்பனார் ஏர் ஓட்டிய நிலத்துக்காரருக்கும் சார். அந்த ஒரு சொல்லைப் பொறுக்காமல் எங்கள் பஸ்ஸில் ஏறாமல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ரயிலடிக்குப் போனவர்களும் இருந்தார்கள். அவருடைய லைசென்ஸ் ஒரு காகிதம்தான். ஆனால் அந்தக் காகிதம் இருக்கும் வரையில் அவர் வயலுக்குத் திரும்பவேண்டியதில்லை. இது எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை "நீ" என்றே பேசினேன். "அவர்" என்று எழுதுவதெல்லாம் இப்போதுதான்.

இந்தச் சமயத்தில் அமெரிக்கக் கம்பெனி பழைய மாதிரியைக் கைவிட்டது. புதிய மாதிரிக்குத் தயாராவதற்காக அத்தனை பெரிய தொழிற்சாலையை மாதக்கணக்கில் மூடி வைத்தார்கள் என்று ஆங்கிலப் பத்திரிகையில் படித்து மாமாவுக்கு வியந்து வியந்து சொன்னேன். பட்டணத்தில் புது வண்டி இறங்கியதும் மாமா ஒன்று வாங்கினார். அதில் பெட்ரோல் தொட்டி உயரத்தில், கண்ணாடிக்கு முன்னால் இருந்தது. மேட்டில் முன்முகமாகவே ஏறும். கியர் மாற்றக் கையில் ஒரு தடி. மிதிகளும் மாறிவிட்டன. இடது கிளட்ச். நடுவில் பிரேக். வலது கோடியில் பெட்ரோலைக் கூட்டி வேகம் எடுக்க ஒரு சிறு மிதி. நிறுத்துவதற்கே பழகிய வலது கால் இனி ஓட்டவேண்டும்.

வண்டி வந்தது வெள்ளிக்கிழமை. அடுத்த புதன்கிழமை திருநின்றவூர்க் கோயில் உற்சவம். அன்று புது பஸ் ஓடும் என்று மாமாவிடம் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அது மட்டுமல்ல, நோட்டீஸும் அடித்துவிட்டேன். "முன்முகமாகவே ஏரிக்கரை ஏறும் நூதன மோட்டார்" என்று கொட்டை எழுத்து; கீழே என் பெயர், பெயருக்குப் பின்னால் பி.ஏ. அந்த இரண்டெழுத்தை அச்சில் பார்க்கவேண்டும் என்பதுதான் என் உண்மையான அவசரம். வேறு அவசரம் எதுவும் இல்லை.

வண்டி வந்த அன்றே டிரைவர் அதன் மிதிகளை நூல் பிடித்து அளந்துகொண்டுபோய், இந்தப் பலகையைச் செய்துகொண்டு வந்தார். பகலில் இரண்டு டிரிப்புக்கு நடுவே ஒரு மணி நேரம் ஓய்வு. அந்த நேரத்தில் கொட்டகையில் பெட்ரோல் டின்மேல் உட்கார்ந்து, பலகையைக் காலடியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பார். "எடது உடு... வலது போ... நடு நில்லு. நடு நில்லு. நடு நில்லு." நான் ஒருநாள், "என்ன, மரவண்டி எந்த ஊருக்குப் போகிறது?" என்றேன்.

"காலுக்குப் பள்ளிக்கூடம் சார். ஒங்களுக்குப் பதினாலு வருசம் ஆச்சி. எனக்குப் பத்து நாளு போதும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சார், நெசமாவே கேக்கறேன். பத்து நாளு பழைய வண்டிய நிறுத்திடுங்க. பழச ஓட்டிகினே புச்சு பழக முடியாது. ரெண்டுக்கும் ஒரே காலு. தலைக்குப் புரிஞ்சிச்சி சார், காலுக்கு இன்னும் ஏறல."

பத்து நாள் பழைய பஸ்ஸை நிறுத்தினால் உற்சவம் போய்விடும், நோட்டீஸ் பொய்யாகிவிடும். "பஸ்ராவில் ஓட்டினேன் என்கிறாய், இதற்கா பயம்? உன்னால் ஆகாவிட்டால் சொல், பட்டணத்தில் ஆள் கிடைப்பான்" என்றேன். அவர் பலகையை எடுத்து டின்களுக்குப் பின்னால் சாத்தினார். "சரி சார்" என்றார்.

புதன்கிழமை காலை வண்டிக்கு வாழைக்கன்று கட்டினோம். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏரிக்கரை மேட்டை வண்டி முன்முகமாகவே ஏறியபோது உள்ளே இருந்தவர்கள் கைதட்டினார்கள். டிரைவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். கரையின் மறுபக்கம் இறங்கும் சரிவில் பூக்காரி கூடையோடு நின்றிருந்தாள். முன்முகமாக வருகிற வண்டியைக் கண்ட சந்தோஷத்தில் கையை ஆட்டிக்கொண்டே நடுப்பாதைக்கு வந்துவிட்டாள். நான் டிரைவரின் காலைப் பார்த்தேன். வலது கால், பத்து வருஷத்துக்கு மேல் செய்த வேலையைச் செய்தது: வலது மிதியை அழுத்தியது. வண்டி சீறியது. நிறுத்தவேண்டும் என்று அவர் எவ்வளவு பலமாக மிதித்தாரோ அவ்வளவு வேகமாக அது பாய்ந்தது. "நடு!" என்று அவரே கத்தினார். கால் நடுவுக்கு வருவதற்குள் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டார். வண்டி புளியமரத்தில் போய் மோதியது. யாரும் சாகவில்லை. ஆனால் மட்கார்டு பட்டுப் பூக்காரியின் முழங்கால் நொறுங்கிப்போயிற்று. சாலையெல்லாம் மல்லிகை. டிரைவர் நெற்றியில் ரத்தம் வழிய அவளைத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் வண்டியைச் சுற்றி வந்து சேதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை போலீஸ் இன்ஸ்பெக்டர் கொட்டகைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவருக்கு முன்னால் நான் போனேன். டின்களுக்குப் பின்னால் இந்தப் பலகை சாத்தியிருந்தது. பார்க்கிறவர் யாராயிருந்தாலும் இது என்ன என்று கேட்பார். கேட்டால், டிரைவர் இன்னும் பழகி முடிக்கவில்லை என்பதும், அது மானேஜருக்குத் தெரியும் என்பதும் வெளியே வந்துவிடும். சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

இன்ஸ்பெக்டர் என்னை ஆங்கிலத்தில் விசாரித்தார். டிரைவருக்குப் புது வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டதற்கு, நன்றாகப் பழகிவிட்டதாக டிரைவரே உறுதி சொன்னார் என்று நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். இரண்டடி தள்ளி நின்ற டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்: "பழகிட்டேன்னு நீதான் சொன்னியாமே?"

டிரைவர் என்னைப் பார்த்தார். பிறகு டின்களுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. "மிதிச்சது என் காலுதான் சார்" என்றார். லைசென்ஸை ரத்துச் செய்தார்கள். அந்த வாரமே மாமா பட்டணத்திலிருந்து வேறு ஆளைக் கொண்டுவந்தார்.

இதோடு முடிந்திருந்தால்கூட என்னை ஒருவேளை மன்னித்துக்கொண்டிருப்பேன். இரண்டாம் யுத்தத்தின்போது ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியது. அமெரிக்க லாரிகள் சாரிசாரியாக வந்தன. ஓட்ட ஆள் போதவில்லை. ஒரு மழைநாள் டிரைவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. காலில் சேறு. என்னைக் கண்டதும் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஆவடில டிரைவருக்கு ஆள் எடுக்கறாங்க ஆண்டே. லைசன் போன கதைய விவரமா எழுதிக் குடுத்தா, பட்டாளத்து தொரை பாக்கறேன்னாரு."

ஆண்டே. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். உள்ளே வரச் சொன்னேன். முற்றத்தில் அடுக்கியிருந்த விறகு நனையாமலிருக்க என் மனைவி அடியில் எதையெதையோ போட்டிருந்தாள். அதிலிருந்து இந்தப் பலகையின் மூன்று கட்டைகளும் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்தது.

"வேப்பங்கட்டை. உளுக்காது" என்றார் மெதுவாக.

நான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். விவரமாக எழுதுவதென்றால் எழுதவேண்டியது ஒரே வாக்கியம்: இவர் பத்து நாள் கேட்டார், நான் கொடுக்கவில்லை. அப்போது எனக்குப் பட்டணத்தில் நல்ல உத்தியோகம். நாலு பேர் மதிக்கிற நிலை. இவர் நாணயமானவர், உழைப்பாளி, இன்ன வருஷம் முதல் தெரியும் என்று அழகான ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். லைசென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு தடவையும் அதுதான் எனக்கு வசதியாக இருந்தது. அவர் கடிதத்தைத் துண்டில் முடிந்துகொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். ஆவடியில் அவரை எடுத்துக்கொள்ளவில்லை.

சுதந்திரத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். பாரிவாக்கத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர் காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. எனக்கு இதைச் சொன்னது ரயிலடியில் கோலூன்றிப் பூ விற்றுக்கொண்டிருந்த அந்தப் பெண். "என் காலு போனதுக்கு வருசா வருசம் என்னாண்ட வந்து அழுவான். அவன் ஒடிச்சித் திருப்பலன்னா நான் அன்னிக்கே பூட்டிருப்பேன்னு சொல்லுவேன், கேக்கமாட்டான்" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்ல சாமி" என்றாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள்.

புது வண்டிக்குத் தன் கையைப் பழக்கிக்கொள்ள அந்த மகா பெரிய கம்பெனி மாதக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டது. அதை நான் புகழ்ந்து பேசினேன். ஒரு மனிதரின் காலுக்குப் பத்து நாள் கேட்டபோது எனக்கு மனம் வரவில்லை. இப்போது நான் இருக்கும் அம்பத்தூரில் விடியற்காலையிலேயே லாரிகள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. எல்லா வண்டிகளிலும் நடுவில்தான் பிரேக். யாருக்கும் அதில் சந்தேகம் வருவதில்லை.

இதை எழுதுகிறபோது என் கால்கள் பலகைமேல்தான் இருக்கின்றன. நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. சற்று முன்பு குனிந்து, நடுக்கட்டையைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். கறுப்பு போகவில்லை. ஐந்து நாள், ஐந்து பகல், நாளுக்கு ஒரு மணி நேரம். இடது கட்டையும் வலது கட்டையும் புதுசுபோல் வெளுத்தே இருக்கின்றன. நடுக்கட்டையை மட்டும்தான் அவர் அத்தனை தடவை மிதித்திருக்கிறார்.