ஆட்டோவைத் தூக்கியவனும் ஓர் எலுமிச்சம்பழமும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் ஒருவன் ஆட்டோவைத் தூக்கிக்கொண்டு நின்றான். அதுவும் ஒற்றைக் கையில்!

பயப்படாதீர்கள்... கம்ப்யூட்டர் திரையில்தான்.

என் கணவர் ஓவியர். நாற்பத்தெட்டு வயதில் பெருங்குடியில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். கூட வேலை செய்பவர்கள் எல்லாம் இவரை ‘அங்கிள்’ என்று கூப்பிடும் பிள்ளைகள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கேமின் முகப்புப் படம் இவர் பொறுப்பு. அது தேறினால்தான் இவரும் தேறுவார்.

மேலதிகாரி படத்தைப் பார்த்துவிட்டு, “ஆட்டோவைத் தூக்குறான், சரி... ஆனா வெயிட்டே தெரியலையே சார்” என்று சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை கடைசி வாய்ப்பு.

இவர் என்ன செய்தார்? சனிக்கிழமை முழுக்க ஹீரோவுக்கு மசில் ஏற்றினார். தோள் இரண்டும் பூசணிக்காய் சைஸுக்கு வந்துவிட்டன. கழுத்தைக் காணவில்லை. ஆட்டோ மட்டும் கொலு பொம்மை மாதிரியே இருந்தது.

சாதத்துக்குப் பிழிய எலுமிச்சம்பழம் எடுத்தவள், பழமும் கையுமாக எட்டிப் பார்த்தேன். படத்தில் ஆட்டோவுக்கு முன்னால் திருஷ்டிப் பழம் ஒன்று தொங்கியது — ஹெட்லைட் அளவுக்கு!

“ஏங்க, இவ்ளோ பெரிய பழத்தை எந்த மார்க்கெட்ல வாங்கினீங்க?”

“பளிச்சுன்னு தெரியட்டும்னு கொஞ்சம் பெருசா போட்டேன். அதெல்லாம் யாரு பார்க்கப் போறாங்க?”

யாரா? எலுமிச்சம்பழத்தின் அளவு தெரியாத கை இந்த ஊரில் உண்டா? பழம் இவ்வளவுதான் என்று கண் முடிவு கட்டிவிடும். அப்புறம் ஹெட்லைட்டும் அவ்வளவுதான், ஆட்டோவும் அவ்வளவுதான். பொம்மையைத் தூக்குகிறவனை யார் பயில்வான் என்பார்கள்?

அவர் நம்பவில்லை. தெருமுனை ஸ்டாண்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஓர் ஆட்டோவின் ஹெட்லைட் மேல் பழத்தை வைத்துக் காட்டினேன்.

“இன்னாக்கா, நம்ம வண்டிக்கு சுத்திப் போடப் போறியா?” என்றார் டிரைவர்.

அந்த ஹெட்லைட்டுக்குள் நாலு பழம் தாராளமாக அடங்கும். என் கணவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து பழத்தைச் சின்னதாக்கினார். அவ்வளவுதான்... ஆட்டோ கனத்துவிட்டது! பூசணிக்காய்களை அழித்துப் பழைய தோளையே போட்டார். கழுத்தும் திரும்பி வந்தது.

திங்கள் மதியம் போன். “ஹலோ”விலேயே தெரிந்துவிட்டது.

“ஓகே ஆயிடுச்சு! வேலையும் கன்ஃபர்ம்! ‘இப்பதான் சார் ஹீரோவுக்கு பலம் வந்திருக்கு, எவ்ளோ மசில் ஏத்தினீங்க?’ன்னு கேக்கறாரு.”

“என்ன சொன்னீங்க?”

“வீட்ல கேட்டுச் சொல்றேன்னேன்!”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அரை கிலோ மைசூர்பாகு வாங்க தி.நகருக்கே கிளம்பிவிட்டேன். வழியில் ஒரு பிறந்தநாள் பேனர். தலைவர் பனைமர உயரத்துக்கு நிற்கிறார். அவர் காலடியில் வரிசையாகத் தொண்டர்களின் தலைகள் — ஒவ்வொன்றும் ஸ்டாம்ப் சைஸ்.

நடுரோட்டில் சிரித்துவிட்டேன். அடேயப்பா, எத்தனை எலுமிச்சம்பழங்கள்!