அம்மா திருப்பி அனுப்பிய கஞ்சி

எங்கள் அன்பு அம்மா எம்மைப் பிரிந்து இன்று முப்பத்தொரு நாள். பிள்ளை பிறந்த வீட்டில் தீட்டுக் காக்கும் துடக்கும் எங்களில் முப்பத்தொரு நாள்தான். அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், நான் பிறந்தபோது அவர் மலாயாவில் செமோர் என்ற ஊரில் கிடந்த அந்த முப்பத்தொரு நாள்தான் முந்திக்கொண்டு வருகிறது.

சாவகச்சேரிப் பக்கம் ஒரு தோட்டக்காரரின் மூத்த மகளாகப் பிறந்தவர் அம்மா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அப்பாவைக் கைப்பிடித்த கையோடு பினாங்குக் கப்பல் ஏறினார். கப்பலில் இருந்த நாளெல்லாம், ஊரிலிருந்து கட்டி வந்த பொரிவிளாங்காய் உருண்டையைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கவில்லை. ஆசாரத்தில் அவ்வளவு கெட்டி. இதைச் சொன்னால் எங்களுக்கும் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று உறவினர்களுக்கு விளங்கும்.

அப்பா செமோர் ரயில் நிலையத்தில் கிளாக்கர். குவார்ட்டர்ஸின் ஒரு பக்கம் பஞ்சாபிக் காவற்காரர், மறு பக்கம் மலாய்க் குடும்பம், பின்வேலிக்கு அப்பால் கீரைப் பாத்தி போட்ட சீனக் குடும்பம். தமிழைத் தவிர வேறு மொழி அறியாத அம்மா கதவைச் சாத்திக்கொண்டே முதல் வருடத்தைக் கழித்தார்.

நான் பிறந்தேன். மருத்துவிச்சி வந்த வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். பத்து காஜா என்ற ஊரிலிருந்து துணைக்கு வருவதாக இருந்த மாமி காய்ச்சலில் படுத்துவிட்டார். ஊரிலிருந்து அம்மம்மா கட்டிக் கொடுத்த பேற்றுச் சரக்கு, பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சாமான், தலைமாட்டில் இருந்தது. அரைத்துக் கொடுக்க ஆள் இல்லை. அப்பா வைத்த கஞ்சி அடிப்பிடித்தது. அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. மூன்று நாள் நான் வீறிட்டு அழுதேனாம்.

அழுகை கேட்டுப் பின்வேலிச் சீன அம்மாள் வந்தார். கையில் மூடிய கிண்ணம், உள்ளே இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சி. "மாக்கான், மாக்கான்" என்று மலாயில் சாப்பிடச் சொன்னார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

"உனக்கு உயிர் பெரிசோ, ஆசாரம் பெரிசோ? பிள்ளைக்குப் பால் வேணுமே" என்று அப்பா கெஞ்சினார்.

"அது என்ன இறைச்சி காய்ச்சின சட்டியோ, ஆருக்குத் தெரியும்? கொண்டு போகச் சொல்லுங்கோ."

அந்த அம்மாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை வெறுங்கையோடு வந்தார். எங்கள் கிணற்றடியில் முழங்கை வரை கழுவினார். எங்கள் சட்டி, எங்கள் தண்ணீர், எங்கள் அரிசி. தலைமாட்டுச் சரக்கை முகர்ந்து பார்த்தார். சுக்கும் மிளகும் அவருக்குத் தெரியாதா என்ன? அம்மியில் அரைக்கத்தான் தெரியவில்லை. குழவியை நிமிர்த்திப் பிடித்து, உரலில் போல இடித்தார். அதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே வாங்கிக் குடித்தார். இரண்டு நாளில் பால் வந்தது.

முப்பத்தோராம் நாள் வரை தினமும் அவர் வந்தார். காற்றுப் படக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தினார். அம்மம்மாவும் அதைத்தான் செய்திருப்பார். துடக்குக் கழிந்த அன்று அம்மா முதன்முதலாகப் பின்வேலியைத் தாண்டிப் போய் அவரை அழைத்துவந்து, வாழையிலை போட்டுச் சோறு பரிமாறினார். அன்று முதல் அவரை அக்கா என்றே கூப்பிட்டார். நான் தமிழோடு சேர்த்துச் சீனமும் அந்தக் கீரைப் பாத்தியில்தான் பழகினேன். என்ன நல்ல காலம் அது!

அப்பாவுக்கு மாற்றல் வந்தது, பிறகு யுத்தம் வந்தது. தொடர்பு விட்டுப்போயிற்று. அப்பா காலமான பின்னும் அம்மா தனியாக நின்று எங்கள் ஐவரையும் ஆளாக்கினார். ஒன்றை மட்டும் அடிக்கடி சொல்லி வருந்துவார்: "அவ என்ர வீட்டில் எத்தினை தரம் சாப்பிட்டா. நான் அவவின்ர வீட்டில் தோடம்பழத்துக்கு மேல ஒண்டும் தொடேல்லை."

கடைசி வாரம் ஈப்போ வீட்டில் எதைக் கொடுத்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பினார். ஒரு காலை என்னைப் பார்த்து, "அக்கா கொண்டந்த கஞ்சி இருக்கோ?" என்றார். சந்தியிலுள்ள சீனர் கடைக்கு ஓடிப்போய் இஞ்சிக் கஞ்சி வாங்கி வந்தேன். எந்தச் சட்டி என்று அம்மா கேட்கவில்லை. நாலு கரண்டி குடித்தார். அதுவே கடைசி.

அம்மாவைப் பார்த்த மருத்துவருக்கும் தாதியருக்கும், தோள் கொடுத்த உறவினர், அயலவர் அனைவருக்கும் எங்கள் நன்றி. செமோர் அம்மாளின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்கு அக்கா என்றால் எங்களுக்குப் பெரியம்மா. பெரியம்மா, நீங்கள் ஆக்கித் தந்த கஞ்சிக்கும், அன்று திருப்பிக் கொண்டுபோன கஞ்சிக்கும் நன்றி.